சபையில் ஒரு மாற்றம் கொண்டுவர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேகர (பல கிராமச் சபைகள் சேர்ந்த வட்டம்) கமிட்டியில் சில காலம் செயலாளராக இருந்தவன் என்பதால், பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து ஆட்கள் வந்து என்னிடம் யோசனை கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒருவருக்குக் கோவில் கணக்கைப் பலகையில் ஒட்ட வேண்டும். இன்னொருவருக்கு அசனப் பந்தியை, அதாவது கோவில் விருந்தில் சாப்பிட உட்காரும் முறையை, மாற்ற வேண்டும். வாலிபர் சங்கத்துப் பையன்களுக்கு மாலையில் தனி ஆராதனை வேண்டும். காரியம்தான் வேறு வேறு. கேட்கிற சந்தேகம் எல்லாம் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன். தென்னிந்திய திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) திருநெல்வேலி, தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலங்களின் கிராமச் சபைகளை மனதில் வைத்து எழுதியது. ஆர்.சி. சபைகளில் நிர்வாகம் வேறு மாதிரி, ஆனால் ஆட்கள் நம் ஆட்கள்தான்.

ஐயர்கிட்ட சொல்லிட்டா போதாதா அண்ணாச்சி? அவர் பிரசங்கத்துல சொன்னா எல்லாரும் கேப்பாங்கல்லா?

ஐயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, தெரியாமல் எதையும் தொடங்கக் கூடாது. அது சரி. ஆனால் ஐயர் சொல்லி வந்த மாற்றம் ஐயரோடு போய்விடும். அவர் சில வருஷத்துக்கொரு முறை மாற்றலாகிறவர். சபையார் தாத்தா காலத்திலிருந்து அதே பெஞ்சில் உட்காருகிறவர்கள். பிடிக்காத காரியத்தை அவர் முகத்துக்காகப் பொறுத்துக்கொள்வார்கள், அவருடைய சாமான் லாரியில் ஏறின மறுவாரம் எடுத்துவிடுவார்கள்.

அவரிடம் கேட்க வேண்டியது, "ஐயா, இதைப் பற்றிச் சபையாரிடம் பேசிப் பார்க்கிறோம், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்பது மட்டும்தான். அவரை உங்கள் பக்கத்து ஆளாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். நாளைக்கு ஒரு சாவு என்றால் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் அவர்தான் ஜெபிக்கப் போக வேண்டும்.

எதை யார் முடிவு பண்ணணும்னே தெரியலையே?

ஆராதனை ஒழுங்கு, இராப்போஜன (திருவிருந்து) முறை போன்றவை சபை கமிட்டி கையில் இல்லை. அவை பேராயர் அதிகாரத்துக்கு உட்பட்டவை. கட்டடமும் நிலமும் இன்னொரு வகை. நம் பக்கத்துக் கோவில், பள்ளிக்கூடச் சொத்துகள் பெரும்பாலும் டி.டி.டி.ஏ. போன்ற திருமண்டலச் சொத்து அறக்கட்டளைகளின் பேரில் இருப்பதால் சுவரை இடிக்கவும் மண்டபம் எழுப்பவும் சேகரம் வழியாகத் திருமண்டல அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

மற்றதெல்லாம் உள்ளூர்க் காரியம். அசனம் எப்படி நடக்கிறது, காணிக்கைப் பொருள் ஏலம் எப்போது, பாடகர் குழுவில் யார் யார், கணக்கு எங்கே ஒட்டப்படுகிறது, வயசானவர்களுக்கு எந்த வரிசை என்பதற்கெல்லாம் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. "மேலிடம் ஒத்துக்காது" என்று யாராவது சொன்னால், மேலிடத்தில் கேட்டீர்களா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் கேட்டிருக்க மாட்டார்கள்.

ரெண்டு வருஷமா சங்கம் கட்டலை. நான் பேசினா எடுபடுமா?

எடுபடாது. முதலில் சங்கம் என்கிற சபைச் சந்தாப் பாக்கியைக் கட்டி ரசீது வாங்குங்கள்.

முதல்ல நமக்கு ஆதரவா இருக்கிறவங்களைச் சேர்த்துக்கிடணும், அப்படித்தானே?

எல்லாரும் செய்வது அதுதான். நாலு பேர் கல்வெட்டு மேடையில் உட்கார்ந்து பேசுவார்கள், நாலு பேருக்கும் ஒரே கருத்தாக இருக்கும், சந்தோஷமாக எழுந்து போவார்கள். ஊருக்குள் "அவனுக என்னமோ கூட்டம் போடுதானுக" என்று செய்தி போய்விடும். அதற்கப்புறம் நீங்கள் நல்லது சொன்னாலும் சதியாகத்தான் தெரியும்.

முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி: இந்த மாற்றத்தால் யாருக்கு எது போகிறது? பணமாகவே இருக்க வேண்டும் என்றில்லை. இடமாக இருக்கலாம், வேலையாக இருக்கலாம், மரியாதையாக இருக்கலாம். அந்த ஆள் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். மத்தேயு 18:15 தப்புச் செய்த சகோதரனிடம் தனித்துப் போய்ப் பேசச் சொல்கிறது. தப்பே செய்யாத சகோதரனிடம் அப்படிப் போக நமக்கு என்ன கஷ்டம்?

ஒரு சபையின் அசனத்தைச் சொல்கிறேன். ராத்திரி பத்து மணிக்குப் பெண்கள் அரிவாள்மனையோடு பந்தலில் உட்காருவார்கள். வெங்காயமும் கத்திரிக்காயும் வெட்டி முடிக்க விடியற்காலம் ஆகிவிடும். மறுநாள் ஆண்கள் பந்தி முதலில். பெண்கள் உட்காரும்போது இலையில் விழுவது எலும்பும் அடிச்சாறும்தான். குடும்பம் குடும்பமாக ஒரே பந்தியில் உட்காரலாம் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேச்சு வந்தது. கிழவர்கள்தான் எதிர்ப்பார்கள் என்று நினைத்தார்கள், ஆனால் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. முகம் கறுத்தது கறி வாளி தூக்குகிற ஒருவருக்கு. யார் இலைக்கு எத்தனை துண்டு என்பது வருஷக்கணக்காக அவர் கரண்டியில் இருந்த காரியம். கூட்டம் கலந்து உட்கார்ந்தால் கணக்குத் தவறிக் கறி பாதியில் தீரும், ஊர் திட்டுவது அவரைத்தான். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது.

இரண்டு அம்மாமார் அவர் வீட்டுக்கே போய், "கறி தீராமல் இருக்க என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார்கள். வேகிற கறியில் பாதியைத் தனி அண்டாவில் அள்ளி மூடி, கடைசிப் பந்தி தொடங்கும்வரை திறக்கக் கூடாது என்று வழி சொன்னது அவர்தான். அந்த வருஷம் அண்டா மூடிக்கு மேல் துண்டைப் போட்டு, பக்கத்திலேயே ஸ்டூலில் அவரே காவல் உட்கார்ந்தார். புதிய ஏற்பாட்டைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் பதில் சொன்னவரும் அவர்தான்.

பெரியவங்க "எங்க காலத்துல இப்படிக் கிடையாது"ங்காங்க. என்ன பதில் சொல்ல?

சரித்திரத்தை எடுத்துச் சொல்லலாம். அவர்கள் பழசு என்று நினைக்கிற ஆராதனை முறையே அவ்வளவு பழசு இல்லை. பல சபைகள் ஐக்கியமாகித் தென்னிந்திய திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27-ல். இராப்போஜன ஒழுங்கு புதிதாக வந்தது 1950-ல். அதற்கு முந்தின நம் தாத்தாமார் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) முறையில் ஆராதித்தவர்கள். அவர்களும் புதிதை ஏற்றுக்கொண்டவர்கள்தான்.

எவ்வளவு நாள் எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஐக்கியத்துக்கு வித்திட்ட கூட்டம் 1919-ல் தரங்கம்பாடியில் நடந்தது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் நம் வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா. ஐக்கியம் கூடிவர இருபத்தெட்டு வருஷம் ஆனது. அசரியா 1945 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். நாமோ ஒரு கமிட்டிக் கூட்டத்தில் காரியம் முடியவில்லை என்றால் ராஜினாமா கடிதம் எழுதுகிறோம்.

ஆனால் ஒன்று. சரித்திரம் சொல்லி யாரையும் வாயடைக்கலாமே தவிரச் சம்மதிக்க வைக்க முடியாது. "எங்க காலத்துல" என்று தொடங்குகிற பெரியவருக்குப் பெரும்பாலும் பயம் வேறு எங்கோ இருக்கும். புது ஏற்பாட்டில் தனக்குப் பாட்டுத் தெரியாமல் போய்விடுமோ, திரையில் எழுத்துத் தெரியாதோ, தான் போட்ட பெஞ்சை எடுத்துவிடுவார்களோ என்று இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு எது சங்கடமா இருக்கு மாமா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார். மேலே சொன்ன கறி வாளிக்காரர் கதைதான் இதுவும்.

இதுக்கெல்லாம் வேதத்துல ஆதாரம் உண்டா?

நிறைய. அப்போஸ்தலர் 6-ல் பந்தி விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கர் முறுமுறுக்கிறார்கள். அப்போஸ்தலர் அதட்டி அடக்கவில்லை. சபையாரையே கூப்பிட்டு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள். எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேரும் ஆசரிப்புக் கூடார வாசலில், மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்னால் நின்று காணியாட்சி (தகப்பன் சொத்தில் பங்கு) கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொல்கிறார். பெண்கள் சபையில் வாய் திறக்கலாமா என்று கேட்பவருக்கு இந்த அதிகாரத்தைத் திறந்து கொடுங்கள்.

அதற்காக வசனத்தைக் கல்லாக எடுத்து எறிய வேண்டாம். எதிர்க்கிறவருக்கும் வசனம் தெரியும், உங்களைவிட அதிகமாகவே தெரிந்திருக்கும்.

வாட்ஸாப் குரூப்புல போட்டா எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரிஞ்சிருமே?

தெரியும், சண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கும். ஆராதனை நேரம், மரண அறிவிப்பு, ஜெபக் குறிப்பு ஆகியவற்றுக்குக் குரூப் நல்லது. ஒருவர் மனசை மாற்ற அது இடமில்லை. எல்லார் பார்வையிலும் ஒரு தடவை "முடியாது" என்று எழுதிவிட்டவர் பிறகு சம்மதித்தால் அவருக்குத் தலைகுனிவு. தனியாகப் பேசும்போது அந்தத் தொல்லை இல்லை.

கமிட்டிக்கு எப்படிக் கொண்டு போகணும்?

கடைசியாகக் கொண்டு போக வேண்டும். யார் யார் என்ன சொல்வார்கள் என்று தெரிந்த பிறகே கமிட்டி. அங்கே போய்த்தான் முதல் முறையாகச் சொல்கிறீர்கள் என்றால், திடுக்கிட்டவன் எவனும் "சரி" என்று சொல்ல மாட்டான்.

ஒரு பக்கத்தில் எழுதி, செயலாளரிடம் முன்கூட்டியே கொடுங்கள். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு செலவு, யார் வேலை பார்ப்பது, எத்தனை மாசம் சோதித்துப் பார்ப்பது என்பது போதும். "யார் வேலை பார்ப்பது" என்ற இடத்தில் கோவில் பிள்ளை (கோவில் வேலையாள்) பெயரை எழுதப் போகிறீர்கள் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். மாலை ஆராதனை என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். கதவு திறந்து, கூட்டி, மைக் வைத்து, எல்லாரும் போன பிறகு விளக்கணைத்துப் பூட்டுகிறவர் அவர்.

"இனிமேல் இப்படித்தான்" என்று எழுதாமல் "ஈஸ்டர் வரை நடத்திப் பார்ப்போம், பிறகு கமிட்டி பேசி முடிவெடுக்கட்டும்" என்று எழுதினால் எதிர்ப்பு பாதியாகக் குறையும். தீர்மானம் ஆனால் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாயால் ஆன தீர்மானத்துக்கு ஆளுக்கொரு ஞாபகம்.

வயசானவங்க ஏற கோவில் வாசல்ல சாய்தளம் போடலாம்னு இருக்கோம். ஒருத்தர் முழுச் செலவையும் நானே தாரேங்கார். சரின்னு சொல்லிட்டா சீக்கிரம் முடியும்லா?

முடியும். அப்புறம் அது அவருடைய மாற்றமாகிவிடும். டியூப் லைட்டில்கூட வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு உபயம் எழுதுகிற ஊர் நம்முடையது. அவருக்கு ஆகாதவர்கள் அந்தச் சாய்தளத்தில் கால் வைக்க மாட்டார்கள், முழங்கால் வலித்தாலும் படியில்தான் ஏறுவார்கள்.

ஒரு பங்கை அவரிடம் வாங்குங்கள், மீதிக்கு வீடு வீடாகப் போங்கள். பத்து ரூபாய் கொடுத்தவருக்கும் அது தன் காரியம் என்று தோன்ற வேண்டும். உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அரிசியைக் கோவிலுக்கென்று எடுத்து வைத்த வீடுகள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தில் அரிசியின் மதிப்பைவிட, எல்லா வீட்டுக் கையும் பட்டது என்பதுதான் பெரிசு.

வெளியூர்ல இருக்கவங்கதான் பணம் அனுப்புதாங்க. அவங்க சொல்றபடி செய்யணுமா?

சென்னை, மும்பை, வளைகுடா என்று போனவர்கள் இல்லாவிட்டால் நம் பாதிக் கோவில்களுக்கு வெள்ளையடித்திருக்க முடியாது. அவர்களை ஒதுக்கிப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் அவர்கள் நினைவில் இருக்கிற சபை, அவர்கள் ஊரைவிட்டுப் போன வருஷத்துச் சபை. மே மாசம் பண்டிகைக்கு வரும்போது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். அல்லது நகரத்துச் சபையில் பார்த்ததை அப்படியே இங்கே வைக்கச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே ஆள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பண்டிகை வாரத்தில் எந்தத் தீர்மானமும் போடாதீர்கள். கூட்டம் அதிகம், உற்சாகம் அதிகம், ஜூன் மாசம் வேலை பார்க்க ஆள் இருக்காது. அவர்கள் வந்திருக்கும்போது பேசிக் கருத்துக் கேளுங்கள். முடிவு, ஐம்பத்திரண்டு ஞாயிறும் இங்கே உட்காருகிறவர்களோடு எடுக்கிற முடிவாக இருக்கட்டும்.

கமிட்டில பெண்கள் இருக்காங்க, ஆனா பேசவே மாட்டேங்காங்களே?

கூட்டம் ராத்திரி எட்டரைக்கு வைத்தால் எப்படிப் பேசுவார்கள்? அடுப்பு நினைப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அதோடு, எதிரே இருப்பவர் மாமனாராகவோ மச்சானாகவோ இருப்பார். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கூட்டத்தை வைத்துப் பாருங்கள். பெண்கள் சங்கத்தில் முதலில் பேசி, சங்கத்தின் பெயரால் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். தனி ஆள் மேல் பழி விழாது. அசனப் பந்தி மாறியது அந்த வழியில்தான்.

பெண்கள் முன்னுக்கு வருவது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் ஆந்திராவிலுள்ள நந்தியாலைச் சொல்லுங்கள். 1947-ல் ஐக்கியம் வந்தபோது சேர மாட்டோம் என்று பல வருஷம் விலகி நின்ற ஆங்கிலிக்கன் சபையார் அந்தப் பக்கத்தில் உண்டு. தென்னிந்திய திருச்சபையின் முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா 2013-ல் பொறுப்பேற்றது அதே நந்தியால் திருமண்டலத்தில்.

நான் எது சொன்னாலும் எதிர்க்க ஒரு குடும்பம் இருக்கு. எங்க தாத்தா காலத்துப் பகை. என்ன செய்ய?

நீங்கள் சொல்லாதீர்கள். உங்களுக்கு அந்த மாற்றம் வேண்டுமா, அல்லது அதை நீங்கள் கொண்டுவந்ததாகப் பேர் வேண்டுமா? முதலாவதுதான் வேண்டும் என்றால், இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒருவர் சொல்லட்டும். ஓய்வுபெற்ற வாத்தியாரோ, பெண் கொடுத்துப் பெண் எடுத்த வழியில் இரண்டு பக்கமும் உறவான ஒரு சித்தியோ எந்த ஊரிலும் இருப்பார்கள். அந்தக் குடும்பத்து ஆளே முன்மொழிந்தால் இன்னும் நல்லது. நீங்கள் கைதூக்கக்கூட வேண்டாம், எதிர்க்காமல் உட்கார்ந்திருந்தாலே போதும்.

எல்லாத்துக்கும் சம்மதம் கேட்டுக்கிட்டே இருந்தா எப்படி? சாதி பாக்கிறதையும் பேசித்தான் மாத்தணுமா?

இல்லை. மேலே சொன்னதெல்லாம் பந்தி, நேரம், பெஞ்சு, பாட்டு போன்றவற்றுக்குத்தான். கல்லறைத் தோட்டத்தில் ஒருவருக்கு இடம் இல்லை என்கிற காரியத்துக்கோ, காணிக்கைப் பணம் காணாமல் போகிற காரியத்துக்கோ, அதனால் லாபம் அடைகிறவரிடம் சம்மதம் கேட்டு நிற்கத் தேவையில்லை. அவர் மரியாதை குறையுமே என்று பார்த்தால், அத்தனை நாளும் இன்னொருவர் மரியாதை போய்க்கொண்டிருக்கிறது.

வடக்கன்குளம் ஆர்.சி. திருக்குடும்ப ஆலயம் நம் பக்கத்திலேயே இருக்கிற சாட்சி. வேளாளரும் நாடாரும் தனித்தனியாக உட்கார, பீடத்தில் வந்து சேர்கிற இரண்டு கைகளாகக் கோவிலைக் கட்டி, நடுவில் சுவரும் வைத்திருந்தார்கள். 1910-ல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை எடுத்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், அங்கே அவர்கள் கோரிக்கை எடுபடவில்லை. எல்லாரும் சம்மதிக்கட்டும் என்று காத்திருந்தால் அந்தச் சுவர் எத்தனை தலைமுறை நின்றிருக்குமோ. ஆனால் இப்படிச் செய்கிறவர் வழக்கு, பகை, வெளியேற்றம் எல்லாவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். எழுத்தும் சாட்சியும் கையில் இல்லாமல் இறங்கக் கூடாது.

தீர்மானம் நிறைவேறிட்டு. இப்ப தோத்தவங்க தனிச் சபையா போயிருவோம்ங்காங்க?

நம் மண்ணில் இது புதிதில்லை. 1835-ல் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயரைச் சி.எம்.எஸ். என்கிற இங்கிலாந்து மிஷனரி சங்கம் விலக்கியபோது திருநெல்வேலிச் சபைகள் இரண்டாகப் பிரிந்தன. 1838-ல் அவர் இறந்த பிறகு பிரிந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். 1857-ல் நாசரேத் பக்கத்தில், உபதேசியாராக இருந்த சட்டாம்பிள்ளை மிஷனரிமாரோடு முறித்துக்கொண்டு போய், ஓய்வுநாளைச் சனிக்கிழமையாக வைத்துத் தனிச் சபை கண்டார். அந்தப் பிரிவு ஆறவில்லை. ரேனியஸ் விஷயத்தில் தகராறு ஒருவரைச் சுற்றி இருந்தது. சட்டாம்பிள்ளை விஷயத்தில் மிஷனரிமார் தங்களை மட்டமாக நடத்துகிறார்கள் என்ற மனக்காயம் இருந்தது. அந்தக் காயம் ஆளோடு போவதில்லை.

ஆகவே ஜெயித்த அன்றைக்குக் கோவில் வாசலில் கைகுலுக்கிக்கொண்டு நிற்காதீர்கள். தோற்றவர் சொன்னதில் ஒன்றையாவது அன்றே ஏற்றுக்கொண்டு குறிப்பேட்டில் எழுதுங்கள். சோதனைக் காலம் வைத்திருந்தால் அதைக் கண்காணிக்கிற மூன்று பேரில் அவர்கள் ஆள் ஒருவர் இருக்கட்டும். அப்படியும் போகிறவர் போவார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் குடும்பத்தோடு போங்கள்.

நாங்க தோத்துட்டோம். வேற சபைக்குப் போயிரலாமான்னு இருக்கு.

எந்தக் காரியத்தில் தோற்றீர்கள் என்பதைப் பொறுத்தது. வடக்கன்குளத்துச் சுவர் மாதிரியான காரியம் என்றால் உங்கள் மனசாட்சிக்குள் நான் நுழைய மாட்டேன். மாலை ஆராதனைக்கு ஓட்டு விழவில்லை என்பதற்காகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன் என்றால், அங்கேயும் ஒரு கறி வாளி இருக்கும் என்று மட்டும் சொல்வேன்.

அடுத்த கமிட்டித் தேர்தல் வரை ஓய்வு நாள் பள்ளியில் (சண்டே ஸ்கூல்) ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு நடத்துங்கள். உங்களை எதிர்த்து ஓட்டுப் போட்டவர் பேத்தியும் அந்த வகுப்பில் இருப்பாள்.

எல்லாம் நல்லா நடந்துச்சு, ஐயர் மாறினதும் பழையபடி ஆயிட்டு. ஏன்?

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பப் படியுங்கள். அது ஐயருடைய மாற்றமாகவே நின்றிருக்கிறது. அல்லது வேலை முழுக்க ஒரே ஆள் தலையில் இருந்து, அவர் மகள் வீட்டுக்கு மதுரை போனதும் நின்றிருக்கும். கணக்கை ஒட்டுகிற பலகையின் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், அவர்களில் ஒருவர் முப்பது வயசுக்குக் கீழே இருக்கட்டும். புது ஐயர் வந்த முதல் வாரம், யாராவது வேறு மாதிரிச் சொல்வதற்கு முன்னால், நிகழ்ச்சிக் குறிப்பேட்டோடு போய் அந்தத் தீர்மானம் இருக்கிற பக்கத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். கூட்டிக்கொண்டு போக வேண்டிய ஆள், அதை முதலில் எதிர்த்தவர்.